எரியாத மஞ்சள் விளக்கு

அத்தியாயம் 9

ஸ்டோர் ரூமின் தகரக் கதவு இன்னும் பத்து அடி தாங்கும் என்று நினைத்தேன். நாங்கள் லாரி யார்டுக்குள் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மூன்று விழுந்துவிட்டது.

முப்பது டிரைவர்கள். கையில் வீல் ஸ்பானர், ஜாக்கி ராடு, டயர் லிவர். பகல் பதினொரு மணி வெயிலில் ஒவ்வொன்றும் பளபளத்தது. கதவுக்கு உள்ளே ஒருவன் அரை உயிராகக் கிடந்தான். வெளியே அவன் மனைவி கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். கதவுக்கு ஓங்கிய அடி ஒன்று தவறி அவள் நெற்றியைப் பிளந்திருந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தது. அவள் துடைக்கவில்லை. இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தாள்.

எங்களுக்குப் போன் செய்தவள் அவள்தான்.

"அக்கா, இவங்க கையில இருக்கிறதெல்லாம் டயர் கழட்டுற சாமான். என் தலையும் உருண்டைதான். திரும்பிப் போயிடலாமா?" என்றேன்.

"உன் தலையில கழட்ட ஒண்ணும் இல்ல. வா."

சர்வேயர் அக்காவுக்கு ஐம்பது வயது, ஒரு முழங்கால் மடங்காது. அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எப்படி அடிபட்டது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பது அவர் தொழில். இருபத்தைந்து வருடம் நசுங்கிய வண்டிகளோடு பழகியதில், பொய் சொல்வது வண்டியில்லை, வண்டிக்காரன்தான் என்ற முடிவுக்கு வந்து, துப்பறிவதிலும் இறங்கிவிட்டார். நான் அவர் உதவியாள். பதினான்கு வருடம் லாரி ஓட்டியவன். வாயை மூடத் தெரியாததால் எனக்கு ஹாரன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவர்களுக்கே மறந்துவிட்டது.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவனை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மீசைக்குப் பின்னால் ஒரு மனிதன் இருப்பது அருகில் போனால்தான் தெரியும். அவன் ஸ்பானரை அக்காவின் மார்புக்கு நேராக நீட்டினான்.

"இது எங்க வீட்டு விஷயம். போயிடும்மா."

"போன மாசம் எரிஞ்ச லாரியைப் பார்க்க வந்தேனே, என்னைத் தெரியல?" என்றார் அக்கா.

ஸ்பானர் தானாகக் கீழே இறங்கியது. போன மாதம் அந்த லாரியோடு கருகிப்போனது மீசையின் தம்பி. ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்று எல்லோரும் சொன்னபோது, இல்லை, தீ டேஷ்போர்டுக்கு அடியில்தான் பிடித்தது என்று எழுதிக்கொடுத்தவர் அக்கா. ஏன் பிடித்தது என்பது மட்டும் அவருக்கே பிடிபடவில்லை.

"உங்களுக்காக அரை மணி நேரம்" என்றான் மீசை. "போலீஸ் ஜீப் கல்குவாரிக்குப் போயிருக்கு. அது திரும்பி வர்றதுக்குள்ள நாங்க முடிச்சிடுவோம். பெரியவர் எங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். அவரை மண்டையை உடைச்சுக் கொன்னவன் ஜெயில்ல சோறு திங்கக் கூடாது."

பெரியவர் யார்டின் நடுவே, தார்ப்பாய் மேல் கிடத்தப்பட்டிருந்தார். தலையின் இடது பக்கம் இருந்த இடத்தில் ஒரு சிவந்த துண்டு கட்டியிருந்தார்கள். துண்டு வெள்ளை நிறமாக இருந்திருக்க வேண்டும். காலடியில் அவருடைய மகன், கதவைக் காத்து நின்றவளின் தம்பி, குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"முதல்ல உன் வீட்டுக்காரர் சொல்றதைச் சொல்லு" என்று மனைவியிடம் கேட்டார் அக்கா.

அவள் கதவை விட்டு நகராமலே சொன்னாள். "காலைல ஆறு மணிக்கு அப்பாவும் இவரும் லாரியை எடுத்துட்டுப் போனாங்க. ஏழரைக்குக் கல்குவாரி ரோட்டுல யூரியா விளக்கு எரிஞ்சு வண்டி இழுக்காமப் போச்சு. நேத்துலேர்ந்தே மஞ்சள் எரியுதுன்னு இவர் சொல்லியிருக்காரு. அப்பா காதுல வாங்கல. சரி, போய் ஒரு கேன் வாங்கிட்டு வாங்கன்னு அப்பா இவரை அனுப்பினாரு. ஒரு வேன்ல ஏறி எட்டேகாலுக்கு இங்க வந்தாரு. ஸ்டோர் நான்தான் பார்க்கிறேன். நானேதான் கேனை எடுத்துக்கொடுத்தேன். திரும்பிப் போறதுக்கு வண்டி கிடைக்காம ஒன்பதேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தாரு. அதுக்குள்ள அப்பா..."

"அதெல்லாம் நாடகம்!" என்று மீசை குறுக்கே பாய்ந்தான். "கொன்னுட்டு, கேன் வாங்குற சாக்குல இங்க வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போயிருக்கான். வண்டில கோளாறே இல்லம்மா! பெரியவர் மகன்தான் அதுல அப்பாவை ஏத்திட்டு வந்தான். பதினஞ்சு மைலு. நீயே சொல்லுப்பா."

மகன் தலையைத் தூக்கினான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. "குவாரில எனக்கு வேலை இருந்துச்சு, பைக்ல போயிட்டு இருந்தேன். ஒன்பது மணிக்கு அந்த இடத்துக்கு வந்தா, அப்பா வீலுக்குப் பக்கத்துல கிடக்கிறாரு. கத்தினேன். குவாரி ஆளுங்க ஓடி வந்தாங்க. அப்புறம்தான் அத்தான் கேனோட வந்தாரு. வண்டியை ஸ்டார்ட் பண்ணேன், பூ மாதிரி வந்துச்சு. ஒரு விளக்கும் எரியல."

அவ்வளவுதான். அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காகத்தான் முப்பது ஸ்பானரும் காத்திருந்தன.

யூரியாத் தண்ணி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. புது டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய, நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்றுவது அது. தண்ணி குறைந்தால் மஞ்சள் விளக்கு எரியும். சட்டை செய்யாவிட்டால் கண் சிமிட்டும். அப்புறம் சிவப்பு. அதற்கும் மசியாவிட்டால் வண்டி ஊர ஆரம்பித்துவிடும், சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். எங்கள் அக்காவுக்குக் கோபம் வந்தாலும் இதே வரிசைதான். முதலில் ஒரு பார்வை, அப்புறம் ஒரு முனகல், அப்புறம் பேச்சே நின்றுவிடும்.

நாங்கள் ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தோம். மாப்பிள்ளை மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. ஒரு காதிலிருந்து ரத்தம். அக்கா அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. அவன் மேல் எறிந்த இருபது லிட்டர் கேன் பக்கத்தில் உருண்டு கிடந்தது. மூடியின் சீல் உடையவில்லை.

"இவன் ஒரு சொட்டுகூட ஊத்தல" என்றார் அக்கா.

"ஊத்தாம எப்படிக்கா வண்டி சரியாச்சு? அப்போ மீசை சொல்றதுதான் சரி. கோளாறே இல்ல."

"வண்டியைக் கேட்போம்."

பன்னிரண்டு சக்கர லாரி, வாசலுக்குக் குறுக்கே நின்றிருந்தது. படியில் காய்ந்த ரத்தம். நான் அதை மிதிக்காமல் தாவி ஏறி, சாவியைத் திருப்பினேன். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிந்து அணைந்தது.

"ஏதாவது நிக்குதா?"

"ஒண்ணும் இல்லக்கா. யூரியா முள்ளு முக்கால் தொட்டி காட்டுது."

"முக்கால் தொட்டியா? நேத்தே மஞ்சள் எரிஞ்ச வண்டில?"

அக்கா பட்டறையிலிருந்து ஒரு நீளமான வெல்டிங் கம்பியை எடுத்து வந்தார். நீல மூடியைத் திறந்து, கம்பியை அடிவரை விட்டு, வெளியே இழுத்தார். கம்பியின் நுனியில் வெள்ளையாக உப்புப் பொடி ஒட்டியிருந்தது. ஈரம் என்று பேருக்குக்கூட இல்லை.

மீசை எட்டிப் பார்த்தான். அவன் பின்னால் இருபது தலை எட்டிப் பார்த்தது.

"தொட்டி காலி" என்றார் அக்கா. "முள்ளு முக்கால்ங்குது. இந்நேரம் இந்த வண்டி டேஷ்போர்டு பூராவும் சிவப்பா எரிஞ்சு, இடத்தை விட்டு நகராம அடம்பிடிக்கணும். ஏன் ஒரு விளக்கும் எரியல? ஹாரன், ஸ்டீயரிங்குக்குக் கீழ குனி."

குனிந்தேன். பதினான்கு வருடத்தில் நான் பார்க்காத வயர் ஒன்றும் லாரியில் கிடையாது. பியூஸ் பெட்டிக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, நாலு வயரை அறுத்து நடுவே கோர்த்து, டேப் சுற்றி வைத்திருந்தது. டேப் இன்னும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. ஒரு தூசு இல்லை. கல்குவாரி லாரியில் ஒரு நாள் பழசான டேப்பில் அரை இஞ்ச் மண் இருக்கும்.

"பைபாஸ் பெட்டி!" என்று கத்தினேன். "தொட்டில தண்ணி இருக்கு, எல்லாம் சௌக்கியம்னு வண்டிகிட்ட விடாம பொய் சொல்ற பெட்டி. புத்தம் புதுசு."

அக்கா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "காலைல ஏழரைக்கு இந்தப் பெட்டி இருந்திருந்தா வண்டி நின்னிருக்காது. இப்போ இல்லாம இருந்தா வண்டி வந்திருக்காது. நடுவுல யாரோ அந்த இடத்துக்குப் போய் இதை மாட்டியிருக்காங்க. வண்டி நல்லா ஓடினா, கேன் வாங்கப் போனவன் பொய்யனாயிடுவான். அதுக்காகத்தான்."

மீசைக்கு ஒரு விஷயம் பாதி புரிந்தால் போதும், மீதியைக் கையால் புரிந்துகொள்வான். "வயர் வேலை இங்க ஒருத்தனுக்குத்தான் தெரியும்!" என்று உறுமி, யார்டு மெக்கானிக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் இரண்டு குத்து. மெக்கானிக் பின்னால் சரிந்து டயர் அடுக்கில் மோதினார். மூன்றாவது குத்தில் பல் ஒன்று தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னும் நாலு பேர் காலால் உதைத்தார்கள்.

"அடேய்! காலைல ஆறு மணிலேர்ந்து உன் வண்டி கிளட்சைத்தான்டா கழட்டிட்டு இருக்கேன்!" என்று அலறினார் மெக்கானிக். "பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சீக்கிரம், சீக்கிரம்னு உயிரை எடுத்தது யாருடா?"

மீசையின் கை அந்தரத்தில் நின்றது. "அட, ஆமா" என்றான்.

"பல்லையாவது பொறுக்கிக் கொடு" என்றேன்.

அக்கா மெக்கானிக்கைத் தூக்கி உட்கார வைத்தார். அவர் தோளைத் தடவிக்கொடுத்தார். "இந்தப் பெட்டியை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும், அண்ணே?"

மெக்கானிக் ரத்தத்தைத் துப்பினார். "பழகின கையா இருந்தாலும் அரை மணி. நாலு வயரையும் தேடிப் பிடிச்சு அறுக்கணும்ல?"

"அப்போ இதை மாட்டினவன், குவாரி ஆளுங்க வர்றதுக்கு அரை மணி முன்னாடியாவது அங்க இருந்திருக்கான்." அக்கா குரலை உயர்த்தினார். "சரி, இப்போ நான் கேட்கிறதுக்கு உண்மையைச் சொல்லுங்க. இங்க நிக்கிற லாரில எத்தனை லாரில இந்தப் பெட்டி இருக்கு?"

சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் இல்லாத ஈயை விரட்டினான்.

"நான் போலீஸ் இல்ல. யூரியாவை மிச்சம் பிடிக்க மாட்டியிருப்பீங்க. இருந்துட்டுப் போகட்டும். யார் மாட்டிவிட்டது?"

முப்பது ஜோடிக் கண்ணும் ஒரே பக்கம் போயின. தார்ப்பாய்ப் பக்கம். பெரியவரின் காலடிப் பக்கம்.

மகன் எழுந்து நின்றான். "என்ன எல்லாரும் என்னைப் பார்க்கிறீங்க? ஆமா, நான்தான் விக்கிறேன், நான்தான் மாட்டிவிடுறேன். அதுக்காக? என்கிட்ட வாங்கி வேற யாராவது மாட்டியிருக்கலாம். நான் ஒன்பது மணிக்குத்தான் அங்க போனேன். எட்டரை வரைக்கும் வீட்டுலதான் இருந்தேன். எங்க அக்காவைக் கேளுங்க."

யார்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இருந்த இரண்டு அறைதான் அவர்கள் வீடு. எல்லோரும் கதவருகே நின்றவளைப் பார்த்தார்கள். அவள் தம்பியைப் பார்த்தாள்.

அதுவரை எனக்கு அக்காவின் சாமர்த்தியத்தில் ஒரு குஷி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது வடிந்துவிட்டது. ஆமாம், வீட்டில்தான் இருந்தான் என்று சொன்னால், கதவு உடையும், புருஷன் சாவான். இல்லை என்று சொன்னால், அப்பாவைப் பறிகொடுத்த அதே நாளில் கூடப் பிறந்தவனையும் அவள் கையாலேயே பிடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்த யார்டை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அடிக்குப் பயந்து அல்ல.

"சொல்லுக்கா" என்றான் தம்பி. குரல் சின்னப் பிள்ளை குரல் போல இருந்தது.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏழே முக்காலுக்கு உனக்கு ஒரு போன் வந்துச்சு. அப்பான்னு சொன்ன. வண்டி நின்னுடுச்சாம், நான் போய்ப் பார்க்கிறேன்னு சொல்லி அந்த டூல்ஸ் பையை எடுத்துட்டுப் பைக்ல போன. நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன்." இப்போதுதான் அவள் புருவத்து ரத்தத்தைத் துடைத்தாள். "காலைலேர்ந்து எனக்கு அது ஞாபகம் இருக்குடா. நீயா சொல்லுவ, நீயா சொல்லுவன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"பெரியவர் அந்தப் பெட்டியைப் பார்த்தாரு, இல்லையா?" என்றார் அக்கா மகனிடம், மெதுவாக. "போன மாசம் எரிஞ்ச வண்டிலேர்ந்து மீசையோட தம்பியை வெளிய இழுத்ததே அவர்தான். டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு கறுப்புக் கட்டி உருகிக் கிடந்துச்சு. நானும் பார்த்தேன். என்னன்னு தெரியல. இன்னிக்குக் காலைல நீ பையிலேர்ந்து அதே மாதிரி ஒண்ணை எடுத்ததும் அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

அக்கா இதைச் சொல்லி முடித்ததும் மீசையின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவன் கை ஸ்பானரை இறுக்கியது. மகன் அதைப் பார்த்தான். மீசைக்கு முன்னால் அவன் முந்திக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த ஜாக்கி ராடைப் பிடுங்கி, அக்காவின் தலைக்கு நேராக வீசினான்.

மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு அக்கா எங்கே ஓடுவது? நான் கையை நீட்டினேன். வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், கை தானாகப் போனது. எலும்பு முறியும் சத்தம் காய்ந்த குச்சியை ஒடித்த மாதிரி கேட்டது. அது என் எலும்பு என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"அந்த வண்டில வயரைச் சரியா சுத்தாம விட்டுட்டேன், அவ்வளவுதான்!" என்று கத்தினான் மகன். ராடைச் சுழற்றியதில் ஒருவனின் தாடை கிழிந்தது. "வேணும்னேவா செஞ்சேன்? எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்னாரு. காலைப் பிடிச்சேன். பெத்த பிள்ளைன்னு பார்க்கல. காறித் துப்பிட்டாரு!"

மூன்றாவது வீச்சுக்கு அவன் கை எழவில்லை. மீசையின் ஸ்பானர் அவன் தோளில் இறங்கியது. ராடு விழுந்தது. அடுத்த அடி முட்டியில். அவன் தரையில் விழுந்ததும் முப்பது பேரும் மேலே பாய்ந்தார்கள். இத்தனை நேரம் மாப்பிள்ளைக்கென்று சேர்த்து வைத்திருந்த அடி மொத்தமும் அவன் மேல் விழுந்தது. நான் ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினேன், யார் காதிலும் ஏறவில்லை. அக்கா லாரிக்குள் எக்கி, வண்டியின் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பிடித்த பிடியை விடவே இல்லை. அந்தக் காட்டுக்கத்தலில் ஒவ்வொருவனாகக் காதைப் பொத்திக்கொண்டு விலகினான்.

கீழே கிடந்தவனுக்கு உயிர் இருந்தது. மீசை மட்டும் விலகவில்லை. ஸ்பானரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றான்.

"உங்க வண்டிலயும் ஒரு பெட்டி இருக்கு" என்றார் அக்கா. "முதல்ல போய் அதைப் பிடுங்கிப் போடுங்க. இன்னொரு வீட்டுல இழவு வேண்டாம்."

மீசை ஸ்பானரைத் தூர எறிந்துவிட்டு, பெரியவர் கிடந்த தார்ப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். தம்பி செத்தபோதுகூட அவன் அழவில்லை என்று பின்னால் மெக்கானிக் சொன்னார்.

ஜீப் வந்தது. மகனை இரண்டு போலீஸ்காரர்கள் தோளைக் கொடுத்துத் தூக்கி ஏற்றினார்கள். அவன் ஒரு தடவை தன் அக்காளைத் தேடித் திரும்பிப் பார்த்தான். அவள் அதற்குள் ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டாள். நானும் சர்வேயர் அக்காவும் பின்னாலேயே போனோம்.

அவள் புருஷன் தலையை மடியில் எடுத்து வைத்து, வாயில் தண்ணீர் விட்டாள். பாதி உள்ளே போனது, பாதி ரத்தத்தோடு வெளியே வந்தது. அவனுக்கு அப்போதுதான் நினைவு திரும்பியது. வெளியே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறக்க முடியாமல், கையால் தடவி அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மச்சான் எங்க?" என்றான். "பாவம், அப்பாவை அந்தக் கோலத்துல பார்த்தவன். யார் நம்பாட்டியும் போகட்டும். நான் செய்யலன்னு அவன்கிட்ட மட்டும் போய்ச் சொல்லு."

வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கேட்டைத் தாண்டிப் போகும்வரை அவள் அவன் முகத்து ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனுக்குத் தெரியுங்க" என்றாள்.